புஷ் மாற்றும் முன் ஒரு பரிசோதனை

கொஞ்சம் நீளமான பதிவு. கார் இல்லாதவர்களும் படிக்கலாம்; விஷயம் காரோடு முடிவதில்லை.

சில வாரங்களுக்கு முன் இங்கிலாந்திலிருந்து ஒரு பழைய மாணவன் கூப்பிட்டான். பிளஸ் டூவில் என்னிடம் இயற்பியல் படித்தவன். அவனிடம் 1992-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடக்கிவிடக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். "சார், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் போயிடுச்சு. பாலியூரித்தேன் போடலாமா, ரப்பரே போடலாமா? எட்டு மாசமா முடிவு பண்ண முடியல" என்றான்.

பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னான். வேகமாகப் போகும்போது பிரேக்கை அழுத்தினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதாம். பிரேக்கைச் சோதித்தாகிவிட்டது, அதில் கோளாறு இல்லை, புஷ்தான் காரணம் என்று மெக்கானிக் சொல்லிவிட்டாராம். சனிக்கிழமைகளில் பக்கத்து இருக்கையில் அவன் மகள் உட்கார்ந்து வருகிறாள். இதைக் கேட்டதும் எனக்குப் பொருள் எது என்பது இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. "முதலில் வண்டியை நிறுத்து, அப்புறம் பேசுவோம்" என்றேன்.

புஷ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகள் வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் இருக்கும் உருளைதான் புஷ். உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், நடுவில் இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். சக்கரம் மேலும் கீழும் போகும்போது ரப்பர் முறுக்கிக்கொடுத்துத் திரும்பும். எதுவும் எதன்மேலும் உரசாது. அதனால் எண்ணெய் தேவையில்லை, சத்தமும் இல்லை. சாலையின் அதிர்வில் ஒரு பங்கை ரப்பர் தனக்குள்ளேயே வெப்பமாக்கித் தீர்த்துவிடும்.

ஆனால் ரப்பருக்கும் வயதாகும். காற்றிலுள்ள ஓசோன் அதை வெடிக்கவைக்கும். எஞ்சின் எண்ணெய் சொட்டினால் ஊதிப்போகும். முப்பது வருடத்தில் சக்கரம் தன் இடத்தில் நிற்காமல் ஆட ஆரம்பிக்கும். ஒரு சின்னக் கணக்கு: இரண்டு புஷ்களுக்கு நடுவே 300 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், அந்தக் கை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பாகை திரும்பிவிடும். வீல் அலைன்மென்டை இதைவிடச் சின்ன அளவுகளில் பார்த்துப் பார்த்து வைக்கிறார்கள். பிரேக் போடும்போது சக்கரம் தானாகத் திரும்பினால் வண்டி இழுக்காமல் என்ன செய்யும்?

பாலியூரித்தேன் 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடன் வேலை பார்த்தவர்களும் உருவாக்கிய வேதிப்பொருள். மெத்தைப் பஞ்சிலிருந்து சக்கரம் வரை அதில் செய்கிறார்கள். புஷ்ஷுக்கு வருவது கெட்டியான வகை. ரப்பர் புஷ் ஷோர் ஏ அளவில் சுமார் 50 முதல் 70 வரை இருக்கும். பாலியூரித்தேன் 70 முதல் 95 வரை போகும். எண்ணெய் பட்டாலும் கெடாது. ரப்பரைப் பிரஸ் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்; இதைப் பெரும்பாலும் வீட்டில் வைஸ் வைத்தே ஏற்றிவிடலாம். போட்டவர்கள் எல்லோரும் "வண்டி புதுசு மாதிரி ஆயிடுச்சு" என்கிறார்கள். என் மாணவனின் நண்பரும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார். அவர் வண்டியில் ஒரு சுற்று போய்வந்ததிலிருந்து இவனுக்கும் அதே ஆசை.

இங்கேதான் எனக்குள் இருக்கும் வாத்தியார் எழுந்து நின்றார். "தம்பி, பரிசோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் எத்தனை மாறியை மாற்றலாம்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "ஒண்ணுதான் சார்" என்றான். "உன் நண்பர் எத்தனை மாற்றினார்?" என்றதும் பேச்சே இல்லை.

பழசை எடுத்துவிட்டுப் புதிது போட்டார், அது ஒன்று. ரப்பரை எடுத்துவிட்டுப் பாலியூரித்தேன் போட்டார், அது இரண்டு. நன்றாக ஆனது எதனால்? முப்பது வருட ரப்பரோடு நேற்று வாங்கிய பாலியூரித்தேனை ஒப்பிட்டால் யார் ஜெயிப்பார்கள் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி வேண்டுமா? ஒப்பிட வேண்டியது புதிய ரப்பரோடு. பாராட்டி எழுதுகிறவர்களில் பலர் அதை ஓட்டிப் பார்ப்பதே இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சாலையில் ஓட்டும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முதல் தேர்வு புதிய ரப்பர். காரணம் மூன்று.

ஒன்று, அந்த மென்மை தவறுதலாக வந்ததல்ல. வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டு வைத்தது. அதே மாஸ்டாவின் இரண்டாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரில், வளைவில் பலமாகத் திரும்பும்போது பின்சக்கரங்கள் லேசாக உள்நோக்கித் திரும்பி வண்டியை நிலைப்படுத்தும்படி புஷ்ஷின் இளக்கத்தையே பயன்படுத்தினார்கள். அங்கே கெட்டியானதைப் போட்டால் அந்த வேலை நின்றுவிடும்.

இரண்டு, பாலியூரித்தேன் பெரும்பாலும் இரும்போடு ஒட்டப்படுவதில்லை. குழாயைச் சுற்றி உரசித்தான் சுழலும். அதற்கென்று தரும் சிலிக்கோன் கிரீஸ் காய்ந்தால் கிறீச் கிறீச் என்று கத்தும். ஒரே அச்சில் கதவுக் கீல்போல அசையும் இடத்தில் அது பொருந்தும். எம்எக்ஸ்-5-இன் நான்கு சக்கரத்துக்கும் இரட்டை விஷ்போன் என்பதால் அங்கே போடுவது குற்றமில்லை. ஆனால் பல திசைகளில் அசைய வேண்டிய கைகள் உள்ள வண்டியில் அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வளைவில் வண்டி எதிர்பாராமல் வழுக்கவும் கூடும்.

மூன்று, ரப்பர் விழுங்கிய அதிர்வெல்லாம் இனி உடலுக்கு வரும். உங்கள் முதுகுக்கும், வண்டியின் முப்பது வருட வெல்டிங்குக்கும்.

எனக்கும் அனுபவம் உண்டு. பழைய ஃபியட் வைத்திருந்தேன். பின்பக்க ஸ்பிரிங் பட்டையின் ரப்பர் புஷ் போனபோது, ஒரு பட்டறையில் "சார், லேத்துல நைலான் புஷ் கடைஞ்சு போட்டா ஆயுசுக்கும் வராது" என்றார்கள். தலையாட்டினேன். புஷ் தேயவில்லை என்பது உண்மைதான். அது நுழைந்த ஓட்டைதான் தேய்ந்தது. பள்ளி வாசலுக்குள் நான் நுழைவது ஸ்டாஃப் ரூம் வரைக்கும் கேட்கும். தேயவேண்டிய மலிவான பொருள் தேயாவிட்டால், விலையுயர்ந்த பொருள் தேயும். அன்று கற்றது.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்களுக்குப் பாலியூரித்தேன் சரிதான். ரப்பர் புஷ் தயாரிப்பே நின்றுபோன வண்டிகளுக்கு அதுதான் உயிர் காக்கும் வழி. ஆசைக்குக் கொஞ்சம் போட வேண்டுமென்றால் ஆன்ட்டி ரோல் பாரைப் பிடிக்கும் புஷ்ஷில் போடலாம். செலவும் குறைவு, குலுக்கலும் அதிகமாகாது. வாங்கும்போது நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். ஷோர் எண்ணைக் கேளுங்கள்.

எதைப் போட்டாலும் மறக்கக் கூடாதவை: ரப்பர் புஷ்ஷின் போல்ட்டை வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும் நிலையில்தான் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கினால், கீழே இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். ரப்பருக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் நாடுகளில் பழைய போல்ட் குழாயோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். அறுத்து எடுக்கும் கூலியையும் புது போல்ட்டையும் கணக்கில் சேருங்கள். முடிந்ததும் அலைன்மென்ட் கட்டாயம்.

என் மாணவனுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன்: புதிய ரப்பர் போட்ட இன்னொரு எம்எக்ஸ்-5-ஐத் தேடி ஓட்டிப் பார். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். "சார், நான் ஆசைப்பட்டதில் பெரும்பங்கு புது ரப்பரிலேயே கிடைக்குது" என்றான். ரப்பருக்கே சொல்லிவிட்டானாம். அவன் பாலியூரித்தேன் என்று சொல்லியிருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். எட்டு மாதம் இரண்டுமில்லாமல் ஓட்டினானே, வருத்தம் அதில்தான்.

இப்போது புஷ் வரும்வரை வண்டி ஷெட்டில் நிற்கிறது. மகள் பஸ்ஸில் போகிறாள். எனக்கு நிம்மதி.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாறி, மறக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்