வாஸ்துவா, வில்லங்கமா?



நம் நாட்டில் ஒரு மனிதன் கத்தரிக்காய் வாங்கினால் சொத்தையா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். ஆனால் இருபது வருஷம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கி, 20 லட்சம் ரூபாய்க்கு ஒரு மனை வாங்கும்போது மாத்திரம் அவன் பார்ப்பது என்ன? வாசல் வடக்கா கிழக்கா, ஈசானிய மூலை வளர்ந்திருக்கிறதா, தெருக்குத்து உண்டா, தன் ராசிக்கு மனை ஒத்து வருமா என்பவைகள்தான். விற்கிறவனுக்கு அந்த மனை சொந்தமா என்பதை அவன் பார்ப்பதில்லை. கேட்டாலும், “எல்லாம் கிளியர்” என்று தரகன் சொன்ன ஒரு வார்த்தையோடு திருப்தியடைந்து விடுகிறான்.

நாம் கேட்கிறோம்: ஈசானிய மூலை சரியாயிருந்து மூலப்பத்திரம் போலியாயிருந்தால், ஈசானியன் வந்து கோர்ட்டில் சாட்சி சொல்லுவானா?

2015-ஆம் வருஷம் டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது முடிச்சூரிலும் வேளச்சேரியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை நாடே பார்த்தது. அங்கே வீடு கட்டியவர்கள் பூமி பூஜை செய்யாதவர்களா? வாஸ்து பார்க்காதவர்களா? வெள்ளம் வடக்கு வாசல், தெற்கு வாசல் என்று பேதம் பார்க்கவில்லை. பள்ளம் பார்த்தது, ஆற்றோரமும் ஏரியோரமும் சதுப்பு நிலமும் பார்த்தது. இவைகளைப் பஞ்சாங்கத்தில் காண முடியாது. கிராம வரைபடத்திலும், புலப்படத்திலும், ‘அ’ பதிவேட்டிலும் காணலாம். ஓடை எது, புறம்போக்கு எது, பட்டா நிலம் எது என்று அங்கே எழுதியிருக்கிறது.

“அதையும் பார்க்கட்டும், இதையும் பார்க்கட்டுமே, நம்பிக்கையினால் உங்களுக்கு என்ன நஷ்டம்?” என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். நஷ்டம் நமக்கல்ல, வாங்குகிறவனுக்குத்தான். எப்படியென்றால், “வெள்ளிக்கிழமை நல்ல முகூர்த்தம், அதை விட்டால் ஆடி பிறந்து விடும், வேறு ஆள் முன்பணத்தோடு காத்திருக்கிறான்” என்று விற்கிறவன் சொல்லுகிறான். உடனே வாங்குகிறவன் வக்கீலிடம் காட்டாமல், வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், பணத்தைக் கொண்டு போய்க் கொட்டுகிறான். நாள் போய்விடும் என்கிற இந்த அவசரம்தான் மோசடிக்காரனுக்கு முதல் கூட்டாளி. இந்தப் பித்து எவ்வளவு தூரம் முற்றியிருக்கிறதென்றால், முகூர்த்த நாட்களில் கூட்டம் தாங்காமல் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்க வேண்டியதாகி விட்டது!

பதிவு முடிந்ததும், “சர்க்கார் முத்திரை விழுந்து விட்டது, இனிப் பயமில்லை” என்கிறான். பதிவு என்பது இன்னார் இன்னாருக்கு இன்ன பத்திரம் எழுதிக் கொடுத்தார் என்பதற்கு அத்தாட்சியே ஒழிய, எழுதிக் கொடுத்தவனுக்குப் பாத்தியதை உண்டு என்பதற்கு ஜாமீன் அல்ல. வில்லங்கச் சான்றும் பதிவான பத்திரங்களைத்தான் காட்டும். பதிவாகாத வாரிசுப் பாத்தியதையை அது காட்டாது.

உதாரணமாகப் பெண்மக்களின் பங்கை எடுத்துக் கொள்ளுவோம். பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு மகாநாட்டில் தீர்மானித்தபோது சிரித்தவர்கள் உண்டு. அது 1989-இல் இம்மாகாணத்திலும், 2005-இல் இந்தியா முழுமைக்கும் சட்டமாகி விட்டது. 2005-இல் தகப்பன் உயிரோடிருந்திருக்க வேண்டும் என்கிற அவசியம் கூட இல்லையென்று 2020-இல் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லி விட்டது. அப்படியிருந்தும், “பெண்ணுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே” என்று பிள்ளைகள் மாத்திரம் கையெழுத்துப் போட்டுப் பூர்வீகச் சொத்தை விற்கிறார்கள். நாளைக்கு அந்தப் பெண் தன் பங்கைக் கேட்டு வியாஜ்யம் போட்டால், தவிக்கிறவன் நல்ல நேரத்தில் வாங்கியவனே.

மனைப்பிரிவு விஷயமும் அப்படியே. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாதென்று 2016-இல் சென்னை ஹைகோர்ட்டு உத்தரவு போட்ட பிறகுதான் அங்கீகாரம் என்ற ஒன்று உண்டென்றே பலருக்குத் தெரிந்தது. அதே வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி, எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பதியாமல் விலையில் பத்து சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? ராகுகாலம் மாத்திரம் ஏழு நாளைக்கும் மனப்பாடம்!

சரி, வாங்கியாயிற்று; வீடும் கட்டியாயிற்று. வாடகைக்கு விடும்போது கேட்கிற முதல் கேள்வி என்ன? “நீங்கள் என்ன ஜாதி?” நேராகக் கேட்க வெட்கமாயிருந்தால், “சைவமா?” வந்தவன் ஒழுங்காக வாடகை கொடுப்பானா, முன்னிருந்த வீட்டை எப்படி வைத்திருந்தான் என்பவைகளை விசாரிப்பதில்லை. மாதம் 15,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டை ஜாதி தேடி மூன்று மாதம் பூட்டி வைத்தால் 45,000 ரூபாய், அதாவது வருஷ வருமானத்தில் கால் பங்கு, போயிற்று. ஜாதி இவனுக்குக் கொடுத்தது பூட்டிய கதவுதான். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டுமென்று 2019 முதல் அமுலில் இருக்கும் சட்டம் சொல்லுகிறது. அதை எழுதாமல் ஜாதியை நம்பி வீட்டை விட்டவன், தகராறு வந்தால் எதைக் காட்டுவான்?

விற்கும்போதாவது கணக்குப் பார்க்கிறானா? 20 லட்சத்துக்கு வாங்கியதை 22 லட்சத்துக்கு விற்று, “அதிர்ஷ்ட மனை, 2 லட்சம் லாபம்” என்கிறான். வாங்கியபோது முத்திரைத்தீர்வை 7 சதவிகிதமும் பதிவுக்கட்டணம் 2 சதவிகிதமுமாக 1,80,000 போயிற்றே! விற்றதற்குத் தரகு 2 சதவிகிதம் கொடுத்தால் 44,000. ஆகக் கூடி 24,000 ரூபாய் நஷ்டம். கடனுக்குக் கட்டிய வட்டி வேறு. அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

வாஸ்து பார்த்தவனோ தன் கூலியை வாங்கிக் கொண்டு போய் விடுகிறான். மனை பலித்தால் அவன் சாஸ்திரம். பறிபோனால் உன் கிரகம். இப்படி இரண்டு பக்கமும் ஜெயிக்கிற வியாபாரம் உலகத்தில் வேறு உண்டா?

ஆகையால் தோழர்களே, சோசியனுக்குக் கொடுக்கிற பணத்தை ஒரு நல்ல வக்கீலுக்குக் கொடுங்கள். முப்பது வருஷத்து வில்லங்கம் பாருங்கள். பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். மூலப்பத்திரத்தை நகலில் அல்ல, அசலில் பாருங்கள். பட்டா யார் பேரில் என்று பாருங்கள். பெண்மக்கள் உட்பட எல்லா வாரிசுகளும் கையெழுத்துப் போடுகிறார்களா என்று பாருங்கள். மழைக்காலத்தில் ஒருநாள் போய் மனையில் நின்று பாருங்கள். இவைகளைப் பார்த்து முடிக்கிற நாள் எதுவோ, அது அஷ்டமியானாலும் நவமியானாலும், அதுவே நல்ல நாள்.