"கொஞ்சம் தண்ணி கலந்து ஊத்து" என்றால் எவ்வளவு?

தோழர்களே, பளைப் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றில் வெள்ளம் வடிந்த மறுநாள் மலசலகூடம் கழுவ வந்த நம் அக்கா ஒருவரிடம் பழைய சோடாப் போத்தல் ஒன்றைக் கொடுத்தார்கள். உள்ளே பிளீச். வெளியே பெயருமில்லை, அளவுமில்லை. "கொஞ்சம் தண்ணி கலந்து ஊத்து" என்பதுதான் உத்தரவு. ஏற்கனவே அசிட் ஊற்றிய குழியில் அவர் அதையும் ஊற்றினார். கண் எரிந்து, மூச்சு அடைத்து விழப்போனவரைப் பக்கத்திலிருந்தவர்கள் வெளியே இழுத்தார்கள். நாம் போய்க் கேட்டபோது வந்த பதில்: "அவளுக்கு அறிவில்லை."

அறிவில்லாதவர் யார்? பிளீச்சும் அசிட்டும் சேர்ந்தால் குளோறின் வாயு கிளம்பும். 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அதை உண்டாக்கும் சாமானைப் பெயரில்லாத போத்தலில் கொடுத்தவருக்கு அறிவிருந்ததாம்! தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரச கரும மொழி. ஒரு துண்டுக் கடதாசியில் நாலு தமிழ் வரி எழுதி ஒட்ட எவ்வளவு செலவாகும்?

கணக்கு நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பிளீச் ஐந்து வீதமானால், வாந்தி, பேதி, இரத்தம் பட்ட இடத்துக்கு ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர். சாதாரண நிலத்துக்கு ஒன்றுக்கு நாற்பத்தொன்பது, அதாவது பத்து லீற்றர் வாளியில் 200 மில்லிலீற்றர். பச்சைத் தண்ணீரை முதலில் நிரப்பி, அதில் பிளீச்சை ஊற்றவேண்டும். சுடுதண்ணீர் கூடாது. அழுக்கைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாக அலசிய பிறகே பூசி, பத்து நிமிடம் விடவேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் மருந்தை அழுக்கே தின்றுவிடும். சிறுநீர் தேங்கிய இடத்திலும் முதலில் நிறையத் தண்ணீர் அடியுங்கள், அங்கேயும் நச்சுவாயு வரும். கலந்ததை அடுத்த நாளுக்கு வைக்காதீர்கள்.

கிணறு வேறு கதை. குடாநாட்டில் வற்றாத ஆறில்லை, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளூடே மலக்குழித் தண்ணீரும் கிணற்றுக்கு வந்துவிடும். 2024 நவம்பர் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனதை மறக்கவில்லை. ஆனாலும் கடைப் பிளீச்சைக் கிணற்றில் கொட்டாதீர்கள். ஆழமும் அகலமும் அளந்து பிளீச்சிங் பவுடர் போடுவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. அவரைக் கூப்பிடுவது தோட்டத்தின் வேலை.

"சம்பளத்தைப் பேசாமல் பிளீச்சைப் பேசுகிறீர்களே" என்று நம் தோழர்கள் சிலரே கேட்டார்கள். கண் போனவருக்கு எந்தச் சம்பளம்? வேலையில் காயப்பட்டவருக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஆஸ்பத்திரித் துண்டைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த மாரிக்கு முன் றப்பர் கையுறை, அளவுக் கோப்பை, தமிழில் பெயர் ஒட்டிய போத்தல், மூன்றும் வரவேண்டும். வராவிட்டால் எந்த அக்காவும் அந்தப் போத்தலைத் தொடமாட்டார். அதற்காக யாருக்காவது அரைப் பேர் போட்டால், அன்றே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.