கடலோரத்து எருமை பட்டணம் வரலாமா?

கம்பளா! பெயரைக் கேட்டதும், தரையில் விரிக்கும் கம்பளம் என்று எண்ணிவிட வேண்டாம். இது எருமைப் பந்தயம். கர்நாடகத்தின் மேற்குக் கடற்கரையில், தென்கன்னடம், உடுப்பி மாவட்டங்களில் நடப்பது. அங்கே மக்கள் பேசுவது துளு மொழி. அதனால் அந்தச் சீமைக்குத் துளு நாடு என்று பெயர்.

இந்தப் பந்தயம் 2023-ம் ஆண்டு நவம்பர் 25, 26 தேதிகளில் பெங்களூருக்கே வந்துவிட்டது. அரண்மனை மைதானத்தில் களம் வெட்டினார்கள். தண்ணீர் பாய்ச்சிச் சேறாக்கினார்கள். மலைத் தொடரைத் தாண்டி, 300 கிலோ மீட்டருக்கு மேல் பயணம் செய்து, லாரிகளில் எருமைகள் வந்து இறங்கின. பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது.

கூட்டம் கலைந்துவிட்டது. கேள்வி கலையவில்லை. கடலோரத்துப் பந்தயத்தைப் பட்டணங்களுக்குக் கொண்டுபோவது சரிதானா?

சேற்றில் ஓட்டம்

அறுவடை முடிந்த நெல் வயலில் பிறந்த விளையாட்டு இது. நிலக்காரரின் பெரிய வயலில், ஊர்த் தெய்வத்துக்குச் செய்யும் வழிபாட்டோடு எருமைகளை ஓட்டினார்கள். இன்று பெரிய பந்தயங்களில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு களங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி எருமை. பின்னால் ஓர் ஆள். கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டம் முடிந்துவிடும்.

ஒரு பிரிவில் வேகத்தை யாரும் பார்ப்பதில்லை. எருமைகள் இழுக்கும் பலகையில் துளை இருக்கும். ஆள் அதன் மேல் ஒற்றைக் காலில் நின்று வருவான். துளை வழியாகச் சேற்று நீர் வாணம் போலச் சீறி எழும். மேலே ஆறரைக் கோல், ஏழரைக் கோல் உயரத்தில் துணி கட்டியிருப்பார்கள். துணி நனைந்ததா? அதுதான் கணக்கு!

2020-ம் ஆண்டு ஐகளாவில் நடந்த கம்பளாவில், சீனிவாச கவுடா என்ற கட்டடத் தொழிலாளி 142.5 மீட்டரை 13.62 வினாடியில் ஓடினார். உலகச் சாம்பியன் உசேன் போல்ட்டையே மிஞ்சிவிட்டார் என்று நாடே பேசியது. எருமை இழுக்க ஓடுவதும் தனியே ஓடுவதும் ஒன்றா? பேசியவர்கள் அதை யோசிக்கவில்லை. மத்திய அரசின் விளையாட்டுத் துறை அவரைச் சோதனை ஓட்டத்துக்கு அழைத்தது. அவர் போகவில்லை. எருமைகளின் பின்னாலேயே ஓடினார்.

பட்டணத்தின் பக்கம்

வரட்டுமே என்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்த துளு நாட்டார் ஏராளம். ஓட்டல் தொழிலில் அவர்கள் கால் வைக்காத தெரு உண்டா? அவர்கள் பிள்ளைகள் கம்பளாவைச் சினிமாவில்தான் பார்த்தார்கள். ‘காந்தாரா’ படம் 2022-ல் வந்தபோது ஊரெல்லாம் இதே பேச்சு. பெயர் பரவினால் பணம் வரும். எருமை வளர்ப்பவருக்குக் கொள்ளுச் செலவாவது கட்டும்.

வெளியே போனால் பழைய அழுக்கும் கொஞ்சம் கழியும். கம்பளா நிலக்காரர்களின் பெருமையாக இருந்த காலத்தில், கொரகர் என்ற ஏழைப் பழங்குடியினரை எருமைகளுக்கு முன்னே களத்தில் ஓடவிட்ட கொடுமை உண்டு. அவர்களை இழிவு செய்யும் வழக்கங்களைக் கர்நாடகம் 2000-ம் ஆண்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. பரம்பரை என்று சொல்லப்படுவதெல்லாம் நல்லதாகிவிடாது.

எருமையின் பக்கம்

எருமைக்குப் பேச வாய் இல்லை. அதற்கு வேர்வை குறைவு; கறுத்த தோல்; வெயிலும் நெரிசலும் ஆகாது. குட்டையில் கிடந்தால்தான் அதற்குச் சுகம். அதை லாரியில் நிற்கவைத்து மலை ஏற்றி இறக்குவது சாதாரண வேலை அல்ல. ஒருமுறை என்றால் கவனமாகச் செய்துவிடலாம். மாதந்தோறும் ஊர் ஊராக என்றால் அது சர்க்கஸ்.

இன்னொரு விஷயம் தமிழ்நாட்டுக்கும் தெரிந்ததுதான். 2014-ல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடுத்தது. அந்தத் தீர்ப்பின் நிழல் கம்பளா மீதும் விழுந்தது. இரு மாநிலங்களும் 2017-ல் சட்டத்தைத் திருத்தின. 2023 மே 18-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது. எந்த வாதத்தால் பிழைத்தது? இது மக்களின் பண்பாடு என்ற வாதம் பெரிய துணை. வயலையும் கோயிலையும் விட்டு, டிக்கெட் காட்சியாக ஊர் சுற்றினால் அந்த வாதம் நிற்குமா? பெங்களூர்க் கம்பளாவை எதிர்த்து 2024-ல் பீட்டா அமைப்பு கர்நாடக உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டிவிட்டது.

எருமையை விடவும் கவலைக்குரியது வயல். கடலோரத்தில் நெல் குறைந்து பாக்குத் தோப்பு பெருகுகிறது. எருமை பூட்டி உழுவது அரிதாகிவிட்டது. பெரிய பந்தயங்களுக்குத் தங்கக் காசுப் பரிசு உண்டு, புரவலர்கள் உண்டு. ஊர்த் தெய்வத்துக்கு நடக்கும் சிறு கம்பளாவுக்கு யார் இருக்கிறார்கள்? பட்டணம் வந்தால், பணமும் நல்ல ஓட்டக்காரரும் அந்தப் பக்கமே போவார்கள்.

ஆகவே கம்பளா விருந்தாளியாகப் பட்டணம் வரட்டும், குடியேற வேண்டாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். எருமைகள் சில நாள் முன்னதாகவே வந்து இளைப்பாற வேண்டும். கால்நடை மருத்துவர் சரி என்றால்தான் களத்தில் இறக்க வேண்டும். அரசாங்கம் கொடுக்கும் பணத்தில் முதல் பங்கு சிறு ஊர்க் களங்களுக்குச் சேர வேண்டும். ஆசைப்படும் பெங்களூர்க்காரருக்கு வழியும் சுலபம். இரவு ரயில் ஏறினால் காலையில் மங்களூர். நவம்பர் முதல் மார்ச் வரை சனி, ஞாயிறுகளில் கடலோரத்தில் எங்காவது ஒரு கம்பளா நடந்துகொண்டிருக்கும்.