ஏழு மணிக் கத்தரிக்காய்

கத்தரிக்காய்க்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. ஆனாலும் தோட்டத்திலிருந்து நம் வீட்டுச் சாம்பாரில் குதிப்பதற்குள் நாலைந்து கை மாறிவிடுகிறது. கமிஷன் மண்டி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, தள்ளுவண்டி... ஒவ்வொரு கையிலும் விலை ஒரு படி ஏறும்; காய் ஒரு சுற்று சுருங்கும். விளைவித்தவருக்கும் கட்டுப்படியாகாது, வாங்குகிறவருக்கும் கட்டுப்படியாகாது!

இந்தக் கைகளைக் குறைக்கத்தான் 1999 நவம்பர் 14-ல் மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார்கள். பஞ்சாபின் 'அப்னி மண்டி' 1987-லேயே வந்தாச்சு. ஆந்திராவின் 'ரைத்து பஜார்' 1999 ஜனவரியில். நம்முடையது கடைக்குட்டி. ஆனாலும் ஒரே வருஷத்தில் நூறு சந்தை! 2001-ல் ஆட்சி மாற, பிள்ளை சவலையானது. 2006-ல் ஆட்சி மாற, மறுபடி பால் கிடைத்தது. கத்தரிக்காய்க்குக் கட்சி கிடையாது என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஏற்பாடு என்னவோ அருமை. படம் ஒட்டிய அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயிதான் விற்கலாம். தராசு சந்தையே தரும். கடை வாடகை கிடையாது. மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்று கணக்குப் போட்டு, காலையில் பலகையில் எழுதிவிடுவார்கள்.

என் மாதிரி ரிட்டயர்டு ஆசாமிகளுக்கு இது சொர்க்கம். வாக்கிங் முடித்த கையோடு ஒயர் கூடையைத் தூக்கிக்கொண்டு, வெண்டைக்காய் நுனியை ஒவ்வொன்றாய் ஒடிப்போம். "ஒடிச்சதையெல்லாம் நீங்களே எடுத்துக்கங்க சார்" என்று அந்தம்மா முறைத்தால், அசடு வழிந்து அரைக் கிலோ கூட வாங்குவோம்.

சரி, யார் வரவில்லை? எங்கள் தெருவில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா ஒருத்தர். "சந்தையில சல்லிசா கிடைக்குமே, போறதில்லையா?" என்றேன்.

"அந்த நேரத்துலதான் சார் உங்க வீட்டுச் சட்டியைத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். நான் போறதுக்குள்ள சாக்கை மடிச்சிருவாங்க!"

பதில் பேச முடியவில்லை. வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ராத்திரி பெட்டிக் கடையில் வதங்கிப்போன நாலு காய், அதுவும் கூடுதல் விலைக்கு. ஆளுக்குத் தினம் 400 கிராம் காய், பழம் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் வீட்டுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பெட்டிக் கடை விலையில் அந்தம்மா இதற்கு எங்கே போவார்?

வழி தெரியாமல் இல்லை. 2020 ஊரடங்கில் காய்கறி வண்டி தெருத்தெருவாய் வந்ததே! நோய்க்குப் பயந்து செய்ததை, நோய் வராமலிருக்கச் செய்யக் கூடாதா? சில ஊர்களில் சாயங்காலமும் சந்தை நடத்திப் பார்த்தார்கள். எல்லா ஊருக்கும் அது வரட்டும்.

காலை ஏழு மணிக்குச் சும்மா இருப்பவனுக்கே நல்ல காய் என்று சட்டம் எதுவும் இல்லை, வழக்கமாகிவிட்டது, அவ்வளவுதான். அதை மாற்றச் சட்டசபை கூட வேண்டியதில்லை. வேலை முடிந்து ஜனங்கள் வீடு திரும்பும் நேரத்தில் கேட்டைத் திறந்து வைத்தால் போதும்.