சலுகை என்று சொல்லாதீங்க

போன வாரம் கென்டீனில் ஒரு வாக்குவாதம். லண்டனில் இருக்கிற தன் பெரியம்மாவைப் பற்றி ஒருத்தன் சொன்னான். 65 வயது ஆகிவிட்டதால் பிரிட்டிஷ் குடியுரிமைக்கு அவருக்கு ஆங்கிலப் பரீட்சையும் இல்லை, அந்த நாட்டைப் பற்றிய பரீட்சையும் இல்லை. பக்கத்தில் இருந்தவன் உடனே, "அப்போ குடியுரிமைக்கு என்னடா மதிப்பு? சலுகையில வாங்குறதுதானே?" என்றான். அவனும் நம்ம திம்புள்ளப் பக்கம்தான். அதுதான் எனக்குத் தாங்கல.

அமெரிக்காவிலும் இப்படி விலக்கு இருக்கிறது. 50 வயதைக் கடந்து, நிரந்தர வதிவிட உரிமையோடு 20 வருடம் இருந்தவருக்கு ஆங்கிலப் பரீட்சை கிடையாது. குடியியல் கேள்விகளுக்குத் தன் மொழியிலேயே பதில் சொல்லலாம். நீ இங்கே வாழ்ந்த வருடங்களுக்கு ஒரு பெறுமதி உண்டு என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது.

நம்ம ஆட்களுக்கு நடந்தது தலைகீழ். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை வெளியே தள்ளியது. திரும்பி உள்ளே வர 1949 இல் இன்னொரு சட்டம். அது சிங்களமும் கேட்கல, அரசியலமைப்பும் கேட்கல. கேட்டது கடதாசி. 1946 ஜனவரி 1 க்கு முந்தைய 7 வருடம் இடைவிடாமல் இங்கே இருந்ததாகக் காட்டணும். கல்யாணம் ஆகாதவர் என்றால் 10 வருடம். மனைவி, பிள்ளைகள் இங்கே இருந்ததையும் காட்டணும், வருமானத்தையும் காட்டணும். விண்ணப்பிக்கக் கிடைத்தது இரண்டே வருடம்.

லயத்தில் பிறந்தவருக்கு ஏது கடதாசி? செக்ரோல் தோட்டத்து ஒபிஸில். அதில் பெயரை எழுதியது கணக்கப்பிள்ளை. ஒரு வருடம் ராமாயி, மறு வருடம் ராமக்கா. விடியக்காலையில் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்த வருடங்களுக்கு அவருடைய வாய்ச்சொல் சாட்சி இல்லை. 8 இலட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மிச்சப் பேரை 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்.

1988 இல் வந்த 39 ஆம் இலக்கச் சட்டத்தில்தான் சத்தியக்கடதாசி போதும் என்றானது. 2003 சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வாழ்ந்தவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஒரு பிரகடனத்தோடு வழிவிட்டது. மேடையில் இதை "நாங்க வாங்கிக் கொடுத்தோம்" என்கிறார்கள். பறித்ததைத் திருப்பித் தந்ததற்குப் பெயர் சலுகையா? அநியாயமாக வைத்த ஒரு பரீட்சையை 40 வருடம் கழித்து நிறுத்தினார்கள், அவ்வளவுதான்.

"மொழி தெரிய வேணாமா?" என்று கேட்பீர்கள். தெரியணும். நானும் சிங்களம் படிக்கிறேன், பிடித்தும் இருக்கிறது. வகுப்பு வையுங்க, புத்தகம் கொடுங்க. ஆனா 60 வயசு மனுஷியின் வாக்குரிமையை அந்தப் பரீட்சையில் கொண்டுபோய்க் கட்டாதீங்க.

எங்க அப்பாயியின் சத்தியக்கடதாசி இன்னும் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது, கைநாட்டோடு. கென்டீனில் அவனிடம் கேட்டேன், "உங்க வீட்டுல யாரோட சத்தியக்கடதாசிடா இருக்கு?" அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லல.