நூறு சதவீதம் யாருடைய சதவீதம்?



மே மாதம் பிறந்துவிட்டால் போதும். இஞ்சிவிளை தொடங்கி அமரவிளை தாண்டி நெய்யாற்றின்கரை வரை, சாலையின் இரு பக்கத்து மதில்களிலும் பிள்ளைகளின் முகங்கள் தொங்குகின்றன. "நூறுமேனி வெற்றி!" என்று கொட்டை எழுத்து. செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் கட்டட வேலையிலும் வியர்வை சிந்திச் சேர்த்த காசைக் கையில் முடிந்துகொண்டு, நம்மவர்கள் அந்தப் பலகைகளைப் பார்த்தே பள்ளிக்கூடம் தேடுகிறார்கள். தேடட்டும். ஆனால் அந்தப் பலகைகள் பேசும் பாஷை நமக்குப் புரிந்திருக்க வேண்டும். கணக்கு தெரியாதவனிடம்தான் கணக்கைக் காட்டி ஏமாற்ற முடியும்.

முகங்களும் மறைந்த முகங்களும்

கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 2023-ல் 99.70 சதவீதம், 2024-ல் 99.69, 2025-ல் 99.5. மாநிலமே நூறைத் தொட்டு நிற்கும்போது, தனியொரு பள்ளி நூறு என்று மார்தட்டுவதில் என்ன இருக்கிறது?

ஆரம்பப் பள்ளியின் கதை இன்னும் விசித்திரம். ஒன்று முதல் நான்கு வரை எல்.பி.; ஐந்து முதல் ஏழு வரை யு.பி. இந்த வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வே கிடையாது. அப்படியானால் பலகையில் தொங்கும் வெற்றி எது? நான்காம் வகுப்பில் எல்.எஸ்.எஸ்., ஏழாம் வகுப்பில் யு.எஸ்.எஸ். என்னும் உதவித்தொகைத் தேர்வுகள். அவற்றுக்குப் பொறுக்கி எடுத்த பிள்ளைகளே போகிறார்கள். வகுப்பில் 40 பேர் என்று வையுங்கள். 6 பேர் எழுதி 4 பேர் வென்றால், பலகையில் 4 முகம். மீதி 36 பேர் எழுத்துக் கூட்டி வாசிக்கிறார்களா என்று எந்தப் பலகையாவது சொல்கிறதா? நம் பிள்ளை அந்த நாலில் ஒன்றா, முப்பத்தாறில் ஒன்றா?

"சி.பி.எஸ்.இ. முறை" என்று எல்.கே.ஜி. வாசலிலேயே எழுதி வைக்கிறார்களே, அதற்கும் விடை கேளுங்கள். அந்த வாரியம் பொதுத் தேர்வு நடத்துவது 10-லும் 12-லும் மட்டுமே. நான்காம் வகுப்பில் அந்தப் பெயருக்குக் காசு கொடுக்கிறோமே தவிர, தேர்வுக்கு அல்ல.

மூன்று வாசல்கள்

பள்ளி வகை மூன்று. முதலாவது சர்க்கார் பள்ளி. இரண்டாவது எயிடட் பள்ளி: இடமும் நிர்வாகமும் சபையுடையதோ சமுதாய அமைப்புடையதோ தனியாருடையதோ, ஆசிரியரை நியமிப்பது மானேஜர், சம்பளம் கொடுப்பது சர்க்கார். முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்து, 1959-ல் நடைமுறைக்கு வந்த கல்விச் சட்டம் இந்த ஏற்பாட்டை உறுதிப்படுத்தியது. இவ்விரண்டு வகையிலும் தொடக்க வகுப்புகளுக்குக் கட்டணம் இல்லை. எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு உண்டு. மூன்றாவது அன்எயிடட்: எல்லாம் காசு. அதிலும் அங்கீகாரம் உள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. பலகையில் எழுதியிராத அந்த ஒரு சொல்லை வாசலில் நின்று கேட்பது பெற்றோரின் உரிமை.

"ஆதாயமற்ற" பிள்ளைகள்!

இனி எல்லாவற்றிலும் கொடிய சொல்லுக்கு வருவோம். பிள்ளைகள் குறைந்த பள்ளிக்குக் கல்வித் துறை சூட்டியிருக்கும் பெயர் "அன்எகனாமிக்", ஆதாயமற்ற பள்ளி. பள்ளிக்கூடம் என்ன பலசரக்குக் கடையா, லாபம் பார்ப்பதற்கு?

இந்தப் பெயர் எப்படி நம் தலையில் விடிகிறது என்று பாருங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்தே அவ்வாண்டு எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. சூளைச் சீசன் முடிந்து, ஊர்க் கொடையும் முடித்து, ஜூன் கடைசியில் திரும்பும் குடும்பத்தின் பிள்ளை அந்தக் கணக்கில் இல்லை. தமிழ் டிவிஷனில் தலை குறைகிறது. ஆசிரியர் பணியிடம் போகிறது. மறு ஆண்டு "தமிழ் இங்கே இல்லை" என்ற பதில் வருகிறது. பிள்ளை இல்லாததால் டிவிஷன் இல்லை, டிவிஷன் இல்லாததால் பிள்ளை இல்லை! இந்தச் செக்கை இன்னும் எத்தனை காலம் சுற்றுவது?

சட்டம் சொல்வது வேறு. 1949 ஆகஸ்டில் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ இருந்தால் தாய்மொழியில் கற்பிக்க ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானித்தது. 1956-ல் அரசியலமைப்பில் சேர்ந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்வதை ஒவ்வொரு மாநிலத்தின் பொறுப்பாக்கியது. அதே 1956 நவம்பர் 1-ல்தான் விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் ஆயின. நம்மில் பலர் வேலை தேடி வந்தவர்கள். சிலரோ நின்ற இடத்தில் நிற்க, எல்லைதான் அவர்களைக் கடந்து போனது. இருவருக்கும் அந்தப் பிரிவு பொருந்தும். "விருந்தினர் தொழிலாளர்" என்ற இனிப்பான பெயர் வேண்டாம்; விருந்தாளிக்கு உரிமை கிடையாது, உபசாரம் மட்டுமே!

"கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ் எதற்கு?" என்று கேட்பார்கள். மலையாளம் படிக்க மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. அது நாம் உழைக்கும் மண்ணின் மொழி. பிள்ளைகள் அதை நன்றாகவே படிக்கட்டும். தமிழை இழந்து படிக்க வேண்டாம் என்றே சொல்கிறோம்.

இல்லாத பத்தி

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளிகளின் தேர்ச்சி அட்டவணை ஆண்டுதோறும் வெளியாகிறது. அதில் பள்ளி எந்த வகை என்று இருக்கும். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத பிள்ளைகள் எத்தனை சதவீதம் என்றும் ஒரு பத்தி இருக்கும். அதிலும் குறைகள் உண்டு. வேல்ஸ் 2001-ல் அத்தகைய அட்டவணையையே கைவிட்டது. ஆயினும் அந்த ஒரு பத்தி, "இந்தப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள்" என்று ஒப்புக்கொள்கிறது. நம் மதில் பலகைகளில் அந்தப் பத்தி எங்கே? விவரம் இல்லாமல் இல்லை. யு-டைஸ் படிவத்தில் பயிற்றுமொழியும் பிள்ளையின் தாய்மொழியும் கேட்கப்படுகின்றன. அந்தக் கட்டத்தில் "மலையாளம்" என்று விழுந்துவிட்டால், காகிதத்தில் நாம் இல்லாதவர்களாகிவிடுவோம்.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஆறாவது வேலைநாளுக்கு முன் பிள்ளையைச் சேர்ப்போம். டி.சி. தாமதம் என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்க மறுக்க, 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் இடம் தரவில்லை.

2. தாய்மொழிக் கட்டத்தில் "தமிழ்" என்று எழுதச் செய்து, கண்ணால் பார்த்துவிட்டே கையெழுத்திடுவோம்.

3. வகுப்பில் 10 பேர் சேர்ந்தால் பெயர்ப் பட்டியலோடு ஏ.இ.ஓ. அலுவலகத்துக்கு மனு கொடுப்போம்; கைப்பற்றுச் சீட்டு வாங்குவோம்.

4. பாறசாலை, நெய்யாற்றின்கரை உபஜில்லாக்களில் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை, தமிழ் ஆசிரியர் எத்தனை என்று பள்ளிவாரியாக வெளியிடச் சொல்லி அரசைக் கேட்போம்.

முடியுமா என்று ஐயம் வேண்டாம். கோழிக்கோடு மலாப்பறம்பில் ஓர் எயிடட் யு.பி. பள்ளிக் கட்டடம் 2014-ல் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. ஊரார் கூடி மீண்டும் கட்டினார்கள். 2016-ல் மூடச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தபோது ஊரே திரண்டு நின்றது. கடைசியில் அரசே பள்ளியை ஏற்றது. அவர்கள் மலையாள உழைப்பாளிகள். நாம் தமிழ் உழைப்பாளிகள். பாடம் ஒன்றே: தலை எண்ணும் நாளில் தலை நிமிர்ந்து நிற்பவனுக்கே பள்ளிக்கூடம்!