அக்டோபர் விடியலில் ஓடும் அறுபது வயதினர்

அக்டோபர் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஏழரை மணியளவில், அறுபதைக் கடந்த ஒருவரை அவருடைய ஓட்டக் குழு நண்பர்கள் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். அண்மை ஆண்டுகளில் சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடைபெறுகிறது. அதில் அரை மாரத்தான் ஓடுவதற்காக அவர் பயிற்சி செய்துகொண்டிருந்தார். அன்று இலக்கு 18 கிலோமீட்டர். பதினைந்தாவது கிலோமீட்டர் அளவில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராக ஓடியிருக்கிறார். தடுத்த நண்பரை அடையாளம் தெரியாதவர்போல் பார்த்துத் திட்டியிருக்கிறார். உடன் வந்தவர்களில் ஒருவர் தாமதிக்காமல் சாலையோரத் தேநீர்க் கடையின் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அவர் தலையிலும் மார்பிலும் ஊற்றினார். வண்டி வரும்வரை இன்னும் இரண்டு குடம் ஊற்றினார்கள். எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்குத் தம் பெயர் நினைவுக்கு வந்துவிட்டது. அவருடைய இசைவோடு, அடையாளங்களை மாற்றியே இதை எழுதுகிறோம்.

வீடு திரும்பும் நாளில் அவர் மகள் எங்களிடம் தனியே வந்து, "இனிமே ஓடவே கூடாதுன்னு அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நாங்க சொன்னா கேக்க மாட்டார்" என்றார். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதையும், வேறு எதைச் சொன்னோம் என்பதையும் தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பகுதிகளில் ஓடும் மூத்தவர்களின் குடும்பங்களுக்குத் தெரிவிப்பது பயனுள்ளது என்று கருதுகிறோம்.

முதலில் ஓட்டத்தின் பக்கம் நின்று பேசுகிறோம். ஐம்பது, அறுபது வயதில் முறையாக ஓடுபவருக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டுக்குள் வருவதையும், தசை வலுவோடு இருப்பதையும், உறக்கம் சீராவதையும் நாள்தோறும் பார்க்கிறோம். சென்னையின் முன்னாள் மேயர் மா. சுப்பிரமணியன் நடுவயதுக்குப் பின் ஓடத் தொடங்கி, நூற்றுக்கு மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்தவர். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங் 89ஆம் வயதில் லண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடினார். 2011இல், நூறு வயது என்ற நிலையில், டொராண்டோவில் ஓடி முடித்தார். வயது தனியாக ஒரு தடை அன்று. ஆனால் லண்டனும் டொராண்டோவும் தாம்பரம் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

எங்கள் கருத்து இதுதான்: மூத்த ஓட்டக்காரருக்கு இவ்வூரில் ஆபத்து ஓட்டத்தினால் வருவதைவிட, குளிர்நாட்டு வேகக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவந்து நடத்துவதால் வருவதே மிகுதி. கைபேசிச் செயலிகள் தரும் பயிற்சி அட்டவணைகளைப் பார்க்கிறோம். பெரும்பாலானவை வாரந்தோறும் தூரம் கூட வேண்டும், வேகம் குறையக் கூடாது என்கின்றன. ஜனவரிப் பந்தயத்துக்கு நான்கு மாதப் பயிற்சி என்று வைத்துக்கொண்டால், தூரம் ஏறும் வாரங்கள் செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் வருகின்றன. சென்னையில் அவை புழுக்கமும் மழையும் மாறி மாறி வரும் மாதங்கள். அக்னி நட்சத்திரத்தில் எச்சரிக்கையாக இருக்கும் நம்மவர்கள், அக்டோபரை யாரும் பொருட்படுத்துவதில்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் வான்சாகச நிகழ்ச்சியைக் காண வந்தவர்களில் ஐவர் உயிரிழந்ததை இங்கே பலரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் கழித்து நம் தாம்பரம் விமானப்படைத் தளத்தில்தான் அணிவகுப்பு நடந்தது. கூட்டம், குடிநீர், போக்குவரத்து என்று அதில் பல சிக்கல்கள் இருந்தன. ஆயினும் அக்டோபர் வெயிலையும் புழுக்கத்தையும் இலேசாக எண்ணக் கூடாது என்பதற்கு அந்த நாளே போதும்.

"நான் நாலரை மணிக்கே கிளம்பிவிடுகிறேன், வெயிலே இல்லையே" என்பது நாங்கள் அடிக்கடி கேட்கும் மறுமொழி. விடியற்காலையே ஓடுவதற்கு ஏற்ற நேரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது குளிர்ந்த நேரம் அன்று. வெப்பம் 28 டிகிரியாக இருக்கும்போது ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். காற்றும் அசையாது. கடற்காற்று பிற்பகலில்தான் எழுகிறது. பெசன்ட் நகரை அடைந்த பிறகே அது நம் பக்கம் எட்டிப்பார்க்கும்.

கொடியில் போட்ட துணி காயாத நாளில் உடலும் காயாது. 65 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 650 கலோரி செலவாகிறது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே உடலுக்குள் பிறக்கிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றும் பெரிய வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பம் நீங்கும். ஆவியாகாமல் முழங்கை வழியாகச் சொட்டும் வியர்வையால் உடலின் நீரும் உப்பும் போகுமே தவிர, குளிர்ச்சி கிடைக்காது. வயது ஏற ஏற வியர்வைச் சுரப்பிகள் குறைவாகச் சுரக்கின்றன. தோலுக்கு ரத்தம் பாய்வது மந்தமாகிறது. தாகம் தாமதித்தே தெரிகிறது. முப்பது வயது மகனும் அறுபது வயதுத் தந்தையும் ஒரே பாதையில் ஒரே வேகத்தில் ஓடினாலும் இருவர் உடலும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

இதில் உலகின் தலைசிறந்த வீரர்களுக்கும் விலக்கில்லை. 2019இல் தோகாவில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. அதைப் பார்த்த பின்னரே டோக்கியோ ஒலிம்பிக் மாரத்தானைக் குளிர்ந்த சப்போரோவுக்கு மாற்றினார்கள். நமக்குச் சப்போரோ இல்லை. நாம் மாற்றக்கூடியது வேகம் ஒன்றுதான்.

ஆகவே ஏப்ரல் முதல் நவம்பர் வரை கடிகாரத்தின் வேகக் கணக்கைப் பார்க்காதீர்கள் என்கிறோம். 'இத்தனை கிலோமீட்டர்' என்பதை விட்டு 'இத்தனை நிமிடம்' என்று ஓடுங்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிற அளவே உங்கள் வேகம். முடியவில்லையா, நடங்கள். நடப்பது தோல்வி என்று நினைக்கும் ஒரு மனப்பான்மை ஓட்டக் குழுக்களில் இருக்கிறது. எங்களில் இருவர் ஓடுபவர்கள். அவர்களுக்கும் அது உண்டு! வெளியூரில் சில வாரங்கள் தங்கித் திரும்பியவரும், காய்ச்சலில் படுத்து எழுந்தவரும் முதல் இரண்டு வாரம் பாதி நேரம் ஓடினால் போதும். உடல் புழுக்கத்துக்குப் பழக 10 முதல் 14 நாள் வேண்டும். பழகியது சில வாரங்களிலேயே கழன்றும் விடும்.

மாத்திரைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியச் செய்யும் மாத்திரை எடுப்பவர் ஏற்கெனவே நீர் குறைந்த உடலோடுதான் ஓடத் தொடங்குகிறார். அட்டெனோலால், மெட்டோபுரோலால் போன்றவை நாடித் துடிப்பை அடக்கிவைப்பதால், கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தைக் கூட்டுவது தவறு. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை சர்க்கரை மாத்திரைகள் சிறுநீர் வழியே சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றுகின்றன. கிளிமிபிரைடும் இன்சுலினும் ஓட்டத்தின்போது சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம். அப்போது வரும் தடுமாற்றமும் வெப்பத்தால் வரும் தடுமாற்றமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். முழங்கால் வலிக்கு ஓடுவதற்கு முன்பே டைக்ளோஃபெனாக்கையோ ஐபுபுரோஃபெனையோ விழுங்குவது சிறுநீரகத்துக்குச் செய்யும் கொடுமை. இவற்றில் எதையும் நீங்களாகவே நிறுத்த வேண்டாம். எங்களிடம் கேளுங்கள்.

தண்ணீர் குடிப்பதிலும் மிகை ஆபத்தே. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அளவுக்கு மீறிக் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று பொருள். எடை கூடியிருந்தால் மிகுதியாகக் குடித்திருக்கிறீர்கள். உப்பிட்ட நீர்மோர் நல்லது. இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அளவை நாங்கள் சொல்ல வேண்டும்.

குடும்பத்தாரும் உடன் ஓடுபவரும் மனத்தில் வைக்க வேண்டியது ஒரே ஓர் அறிகுறி: பேச்சிலோ நடத்தையிலோ மாற்றம். காரணமில்லாத கோபம், தள்ளாட்டம், வழி மறத்தல், பொருந்தாத பதில் ஆகியவை தெரிந்த கணமே ஓட்டத்தை நிறுத்துங்கள். தோல் வறண்டிருக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். ஓடும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் உடல் வியர்வையில் நனைந்தே இருக்கும். 108ஐ அழைத்துவிட்டு, வண்டி வருமுன்பே குளிர்விக்கத் தொடங்குங்கள். நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, கிடைக்கிற தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி, விசிறுங்கள். ஐஸ் இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வையுங்கள். முதல் அரை மணி நேரத்துக்குள் சூடு தணிவதைப் பொறுத்தே மூளையும் சிறுநீரகமும் தப்புகின்றன. பாராசிட்டமால் இந்தச் சூட்டைத் தணிக்காது. தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும்.

மேற்சொன்ன பெரியவர் ஒரு வாரம் முழு ஓய்வில் இருந்தார். சிறுநீரகம், கல்லீரல், தசை நொதிச் சோதனைகள் சீரான பிறகு நடக்கத் தொடங்கி, நவம்பர் பிற்பகுதியில் இருபது நிமிட ஓட்டத்துக்கு வந்தார். அரை மாரத்தானை அந்த ஆண்டு விட்டுவிட்டார். அதில் அவருக்கு வருத்தமே. எங்களிடம் அதை மறைக்கவும் இல்லை. மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சிட்லபாக்கம் ஏரிக்கரையில் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளோடு காத்திருக்கிறார்.

ஓடும் விருப்பத்தோடு ஆலோசனைக்கு வருபவர்கள் தாங்கள் உண்ணும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், கடைசி மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகச் சோதனை முடிவுகளையும் கையோடு கொண்டு வாருங்கள். வீட்டிலிருந்து ஒருவர் உடன் வருவது நல்லது.